நரம்பு என்னும் சொல்லும் கைப்புண் மருத்துவமும்

அரிவாள் தவறிக் கையிற் பட்டவரும், கண்ணாடிக் குப்பி உடைந்து விரல் கிழிந்தவரும் மருத்துவமனைக்கு வந்தவுடன் கூறும் தொடர் ஒன்று உண்டு. ‘நரம்பு அறுந்துவிட்டது’ என்பதே அது. கற்றாரும் கல்லாரும் ஒருங்கே இதனை ஆள்கின்றனர். ஆயினும் இத்தொடர் குறிக்கும் பொருள் ஒன்றன்று. விரலை மடக்கும் வெண்ணிறக் கயிறு போன்ற உறுப்பு அறுபட்டாலும், தொடுவுணர்ச்சியைக் கொண்டுசெல்லும் மெல்லிழை அறுபட்டாலும், குருதி ஓடும் குழாய் அறுபட்டாலும் நம் மக்கள் நரம்பு என்றே கூறுவர். இம்மூன்றும் உடற்கூற்று நூலில் வெவ்வேறு உறுப்புகள். மூன்றுக்கும் செய்யும் மருத்துவம் வேறு. நலம்பெறும் காலமும் வேறு. ஒருவர் தம் விரலை வாழ்நாள் முழுதும் மடக்க இயலுமா இயலாதா என்பது, அவர் கூறிய ஒரு சொல்லைக் கேட்டவர் எவ்வாறு பொருள் கொண்டார் என்பதனையும் ஓரளவு சார்ந்து நிற்கின்றது. ஆதலின் இச்சொல்லின் பொருட்பரப்பையும், கைவெட்டும் விரல்முறிவும் நலமுறும் முறையையும் ஒருங்கு வைத்து ஈண்டு ஆராய்வோம்.

சொல்லின் பொருட்பரப்பு

பழந்தமிழில் நரம்பு என்றதும் யாழின் நரம்பே முதற்கண் நினைவுக்கு வரும். தொல்காப்பியர் இசைநூலைச் சுட்டுமிடத்தும் நரம்பின் பெயராலேயே சுட்டுகின்றார். உடலுறுப்பின் பெயராகவும் இச்சொல் அக்காலத்தே வழங்கியது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்று 278ஆம் பாட்டில் வரும் முதிய தாயின் வற்றிய தோளில் நரம்பு புடைத்துத் தோன்றுகின்றது. தோலின் மேல் அவ்வாறு எழுந்து தெரிவது உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் இழையாதல் இயலாது. அது குருதி மீளும் குழாயே ஆதல் வேண்டும். இலையில் கிளைத்து ஓடும் கோட்டினையும் நாம் நரம்பு என்கின்றோம். இவற்றை ஒப்புநோக்கின், நீண்டு மெலிந்து ஓடும் இழை எதுவாயினும் நரம்பு எனப்பட்டது என்பது பெறப்படும். அஃதாவது இது வடிவு பற்றி எழுந்த பெயர். தொழில் பற்றி எழுந்ததன்று.

மலையாளத்தில் ஞரம்பு, கன்னடத்தில் நர, தெலுங்கில் நரமு என வழங்கும் இனச்சொற்களிலும் இவ்வாறே பொருள் பலவாக விரிந்து கிடத்தலைக் காணலாம். வடமொழியின் ஸ்நாயு என்னும் சொல் சுசுருத நூலில் உடலைப் பிணித்து நிற்கும் நார்களைக் குறிக்க, இன்றைய வங்காளத்தில் அதுவே உணர்ச்சி நரம்பைக் குறிக்கின்றது.

இம்மயக்கம் நம் நாட்டு மொழிகளுக்கே உரியது எனக் கருதுதல் பொருந்தாது. கிரேக்கத்தில் நியூரான் என்னும் சொல் முதலில் உடலின் நாணையும் கயிற்றையும் குறித்தது. அதனோடு ஒரே வேரிற் பிறந்த மற்றொரு வடிவம் ஓமரின் காவியத்தில் வில்லின் நாணுக்குப் பெயராகின்றது. இலத்தீன் நெர்வுஸ் என்னும் சொல்லும் அவ்வாறே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரோபிலசு, எரசிசுதிராத்தசு என்னும் மருத்துவ அறிஞர் உணர்ச்சிக்குரிய இழைகளைப் பிரித்தறிந்தனர். பொருள் பிரிந்தது, ஆயினும் பெயர் பிரிந்திலது.

பெயர் பிரியாமையால் நேர்ந்த இடர் சிறிதன்று. கி.பி. 129இல் பெர்கமம் நகரில் பிறந்து, அந்நகரின் வாட்போர் அரங்க வீரர்க்கு மருத்துவராக இருந்த கேலன், தசையை எலும்போடு இணைக்கும் நாண் என்பது நரம்பும் பிணிப்பு நாரும் கலந்து ஆகியது எனக் கொண்டார். நரம்பு கலந்த ஒன்றில் ஊசி ஏற்றின் கடும் வலியும் வலிப்பும் நேரும் என்னும் அச்சம் அவர் பெயரால் ஐரோப்பிய மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவியது. 1037இல் மறைந்த இப்னு சினா, அறுபட்ட நாணைத் தைக்கலாம் என்று கூறியும் அவ்வச்சம் முற்றும் நீங்கவில்லை. 1752இல் ஆல்பிரெக்ட் ஃபான் ஆலர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், விலங்குகளின் நாணைக் குத்தியும் சுட்டும் ஆராய்ந்து, நாணுக்கு உணர்ச்சி இல்லை என நிறுவினார். அதன் பின்னரே நாணைத் தைத்தல் அஞ்சத்தகாத செயலாயிற்று. ஒரு சொல்லே இப்பிழையைத் தோற்றுவித்தது என்று நாம் கூற முன்வரவில்லை; கைக்கு எட்டிய உடற்கூற்று அறிவும் அன்று குறைவு. ஆயினும் இரண்டு பொருளை ஒரு பெயரால் வழங்கிய வழக்கு அப்பிழைக்கு அரணாக நின்றது என்பதில் ஐயமில்லை.

இனி இக்கட்டுரையில் தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறு போன்ற உறுப்பை நாண் என்றும், உணர்ச்சியையும் ஏவலையும் கொண்டுசெல்லும் இழையை மட்டும் நரம்பு என்றும், குருதி ஓடுவதனைக் குருதிக்குழாய் என்றும் வழங்குவோம். தசைநாண் என்னும் சொல் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. அது நல்ல ஆக்கம். வில்லின் நாண் இழுபட்டு வில்லை வளைப்பது போலவே இதுவும் இழுபட்டு விரலை வளைக்கின்றது. தசைநார் என்பதனையும் சிலர் இப்பொருளில் ஆள்கின்றனர். ஆயின் அது மூட்டுகளைப் பிணிக்கும் நாருக்கும், தசையின் இழைக்கும்கூட வழங்கக் காண்கின்றோம். ஒரு மயக்கத்தை நீக்கப் புகுந்து மற்றொரு மயக்கத்தை நட்டுவைத்தல் ஆகாது.

விரலின் அமைப்பு

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 என அவை அமைந்துள்ளன. பெருவிரலுக்கு இரண்டு கணு எலும்புகளும் ஏனைய நான்கு விரல்களுக்கும் மும்மூன்றும் உண்டு. விரலுக்குள் அதனை அசைக்கும் தசை இல்லை என்பது பலரும் அறியாத செய்தி. விரலை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அவற்றின் நாண்களே விரலுக்குள் புகுந்து எலும்பைப் பற்றி இழுக்கின்றன. பொம்மலாட்டத்தில் ஆட்டுவோன் திரைக்கு அப்பால் நிற்க நூல் மட்டும் பாவையிடம் வந்து சேர்வதனை இதற்கு உவமையாகக் கூறலாம்.

பெருவிரல் ஒழிந்த ஒவ்வொரு விரலிலும் மடக்கும் நாண் இரண்டு. மேலே கிடப்பது நடுக்கணுவிற் பொருந்தும். ஆழத்தே கிடப்பது, மேல்நாண் இரண்டாகப் பிளந்து விடும் வழியினூடே புகுந்து நுனிக்கணுவைச் சென்று சேரும். விரலின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக நரம்பும் குருதிக்குழாயும் இணைந்தே ஓடுகின்றன. உள்ளங்கைப் பக்கத்திலிருந்து நோக்கின் நரம்பு முன்னும் குருதிக்குழாய் அதன் பின்னுமாகக் கிடக்கும். ஆதலின் விரலின் உட்பக்கம் வெட்டுண்டு குருதி துடித்துப் பீறிடுமாயின், முன்னே கிடந்த நரம்பும் பெரும்பாலும் அறுபட்டிருக்கும் என்று கொள்ளல் வேண்டும். குருதி நின்றவுடன் ‘ஆபத்து நீங்கிற்று’ என்று மகிழ்வார், உண்மையில் அறுபட்டதனை அறியாமலே வீடு திரும்புதல் உண்டு.

ஒரு பெயரும் மூன்று வினையும்

பெயர்ச்சொல் ஒன்றாக மயங்கி நிற்பினும் நம் மக்களின் வினைச்சொற்கள் மயங்கவில்லை என்பதே இவ்வாராய்ச்சியில் நாம் கண்ட முதன்மையான செய்தி. ‘நரம்பு அறுந்துவிட்டது’ என்று கூறியவரை ‘என்ன செய்கின்றது?’ என்று வினவுக. நாண் அறுபட்டவர் ‘விரல் மடங்கவில்லை’ என்பார். புறங்கை நாணாயின் ‘நுனி தொங்குகின்றது, நிமிரவில்லை’ என்பார். நரம்பு அறுபட்டவர் ‘மரத்துவிட்டது’ என்பார். குருதிக்குழாய் அறுபட்டவர் ‘பீறிடுகின்றது’ என்றும், சிறிது நேரம் கழித்து ‘விரல் வெளுத்துக் குளிர்ந்துவிட்டது’ என்றும் கூறுவார். மடங்குதல், மரத்தல், வெளுத்தல் என்னும் இம்மூன்று வினைகளும் உடற்கூற்று நூலின் மூன்று பகுதிகளாகவே அமைந்துள்ளன. மரத்தல் என்பது எத்துணைப் பொருத்தமான சொல்! உயிருள்ள தோல் மரம்போல் ஆயிற்று என்று கூறும் அச்சொல்லின் முன் எந்தக் கலைச்சொல்லும் நாணி நிற்கும்.

கைம்மருத்துவத்தில் தேர்ந்தவர் செய்யும் தேர்வுகளும் இவ்வினைகளை ஒட்டியனவே. விரலின் நடுக்கணுவை அசையாது பிடித்துக்கொண்டு நுனிக்கணுவை மடக்கச் சொல்லுவர். மடங்காதாயின் ஆழத்து நாண் அறுந்தது. மற்ற விரல்களை நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் மடக்கச் சொல்லுவர். மடங்காதாயின் மேல்நாண் அறுந்தது. ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். நாணின் பெரும்பகுதி அறுபட்டு மிகச் சிறு பகுதியே எஞ்சி நிற்பினும் விரல் மடங்கும். வலி மட்டும் தோன்றும். பின்னர் ஒருநாள் வாளியைத் தூக்கும்போது எஞ்சிய இழையும் அறும். நரம்பைத் தேர, விரல்நுனியில் இரண்டு முனைகளை ஒருங்கே தொட்டு, இரண்டு என உணர்கின்றாரா ஒன்று என உணர்கின்றாரா என வினவுவர். நலமான விரல்நுனி 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைக்கூட இரண்டாகப் பிரித்தறியும்.

வினாவுக்கு விடை கூற அறியாச் சிறு குழந்தையிடம் என் செய்வது? கையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்திருந்தால் விரல்நுனித் தோல் சுருங்கும் என்பதனை அனைவரும் அறிவர். நரம்பு அறுபட்ட விரலின் தோல் அவ்வாறு சுருங்குவதில்லை. 1973இல் ஓரியன் என்னும் மருத்துவர் இதனை ஒரு தேர்வு முறையாக வெளியிட்டார். அவ்விரலில் வியர்வையும் தோன்றாது. மரத்த இடம் மரம்போல உலர்ந்தும் இருக்கும்.

நாணின் மருத்துவம்

வெட்டுண்ட உடனே செய்யத்தக்கவை சிலவே. தூய துணியை வைத்துப் புண்ணின்மேல் 10 அல்லது 15 நிமையம் இடைவிடாது அழுத்துதல் வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்த்தல் கூடாது. கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்தல் வேண்டும். வீங்கிய பின் கழற்ற இயலாதாகையால் மோதிரத்தை முதலிலேயே கழற்றுதல் வேண்டும். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாம்பல், புகையிலை முதலியவற்றை ஆழ்ந்த வெட்டில் அப்பும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அவை குருதியை நிறுத்துவன போலத் தோன்றினும் புண்ணுக்குள் அழுக்கையே சேர்க்கின்றன. தைக்கப் புகும் மருத்துவர் அவற்றைக் கழுவி எடுப்பதற்கே நெடுநேரம் செலவிட நேர்கின்றது. வில்போல் உடலை வளைப்பதால் தனுர்வாதம் எனப் பெயர் பெற்ற இசிவுநோய்க்குத் தடுப்பூசி இட்டுக்கொள்ளுதல் தவிர்க்கலாகாது. விரல் முற்றும் துண்டிக்கப்பட்டதாயின், துண்டினை நனைத்துப் பிழிந்த தூய துணியிற் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். பனிக்கட்டி நேரே துண்டின்மேற் படலாகாது. 1965இல் சப்பான் நாட்டில் கோமாட்சு, தமாய் என்னும் இருவர், முற்றும் துண்டிக்கப்பட்ட பெருவிரல் ஒன்றை நுண்ணோக்கியின் துணையால் மீண்டும் பொருத்தி வெற்றி கண்டனர். அன்று முதல் துண்டித்த விரல் எறியத்தக்க பொருள் அன்றாயிற்று.

புண்ணைத் தைக்கும் கலை தமிழர்க்குப் புதியதன்று. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், வீரர் மார்பிற் பட்ட புண்ணைத் தைத்த வெள்ளிய நெடு ஊசிக்கு, மீனைத் தேர்ந்து குளத்துள் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையை உவமை கூறுகின்றார். ஊசி தசைக்குள் மறைந்து மீண்டும் வெளிப்படுதலை அவர் அருகில் நின்று கண்டிருத்தல் வேண்டும். ஆயினும் அது மார்பின் புண். மார்பில் தோலும் தசையும் கூடினால் பெரும்பாலும் போதும். கையில் அது போதாது. விரலின் தோலை மட்டும் அழகாகத் தைத்து அனுப்பிய பின், பத்து நாளில் புண் ஆறி, விரல் மட்டும் அசைவின்றி நின்றுவிட்ட நிகழ்ச்சிகள் எண்ணிறந்தன. அறுபட்ட நாணின் மேல்முனை, தன் தசையால் இழுக்கப்பட்டு உள்ளங்கைக்குள்ளோ அதற்கு மேலோ சென்று ஒளிந்துகொள்ளும். வாரங்கள் கழியின் தசை சுருங்கிவிடும். நாண் சென்ற வழியும் தூர்ந்துவிடும். முதற் சில நாட்களில் ஓர் அறுவையில் முடியத்தக்க செயல், பிந்தினால் வேறிடத்து நாணை எடுத்து ஒட்டும் இரண்டு மூன்று அறுவையாக நீளும்.

நாணைத் தைத்தலினும் அரியது, தைத்த நாணை நழுவச் செய்தல். உள்ளங்கையின் மேல்வரை தொடங்கி விரலின் நடுக்கணுவின் இடை வரை உள்ள பகுதியில் இரண்டு நாண்களும் ஒரு குறுகிய உறைக்குள் நெருங்கி ஓடுகின்றன. அங்கே தைத்தால் ஆறும்போது நாண் உறையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதபடி அசைத்தால் தையல் விட்டுப்போகும். இவ்விரண்டு இடர்களுக்கும் இடையே நின்று திகைத்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல், அப்பகுதியை யார்க்கும் உரிமையில்லாப் போர்க்கள நிலத்தோடு ஒப்பிட்டுப் பெயரிட்டு, அங்கே உடனே நாணைத் தைத்தலைத் தவிர்த்துத் தோலை மட்டும் மூடிப் பின்னர் நாண் ஒட்டுதலே தக்கது என அறிவுறுத்தினார். 1944இல் வெளிவந்த அவருடைய கை அறுவை நூல் ஒரு தலைமுறை மருத்துவரை வழிநடத்தியது. 1960-களில் லூயிவில் நகரில் கிளைனெர்ட்டும் அவர்தம் துணைவரும் அந்நிலத்திலேயே உடனே தைத்து, சில நாட்களுக்குள் கட்டுப்பாடான அசைவு கொடுத்து நல்ல பயன் கண்டனர். அன்று முதல் முறை மாறிற்று.

இன்று பெரும்பாலும் பின்பற்றப்படும் முறை யாதெனின், நாண் தைத்த பின் மணிக்கட்டையும் விரலடி மூட்டையும் சிறிது மடக்கிப் புறங்கைப் பக்கம் ஒரு சிம்பு வைத்துக் கட்டுவர். மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பயிற்சியாளர் முன்னிலையில் விரலை அளவோடு அசைக்கத் தொடங்குவர். இரண்டாம் வாரத்தை ஒட்டித் தையலிடம் மிக நொய்ந்து இருக்கும். நோயாளர்க்கோ அப்போதுதான் வலி தணிந்து துணிவு பிறக்கும். ஆறு வாரம் வரை சிம்பு வேண்டும். பாரம் தூக்கலும் இறுகப் பற்றலும் ஏறத்தாழ 12 வாரம் கழித்தே. இக்காலத்தில் ஒரு நாளில் பலமுறை, சில நிமையங்கள், அலுப்பூட்டும் ஒரே அசைவைச் செய்துகொண்டிருத்தல் வேண்டும். அறுவை மருத்துவரின் ஒரு மணி நேரத்து வேலையினும் நோயாளரின் இப்பன்னிரண்டு வாரத்து உழைப்பே கையின் முடிவை உறுதி செய்கின்றது என்று கூறின் மிகையாகாது. கூலி இழந்து வீட்டிலிருக்கும் நெசவாளிக்கோ, கரும்புச்சாறு பிழியும் பொறியில் கை கொடுத்தவர்க்கோ இவ்வுழைப்பு எளிதன்று. சிம்பைத் தாமே கழற்றிவிட்டுத் தொழிலுக்குச் செல்வார் பலர். அவரை நோதல் நம்மால் இயலாது. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 1970-களின் தொடக்கத்தில் கைக்கெனத் தனிப்பிரிவு வளர்ந்ததும், அறுவையோடு பயிற்சியையும் அது ஒருங்கே மேற்கொண்டதும் இந்நிலையை உணர்ந்தமையால் எனலாம்.

நரம்பின் மருத்துவம்

நரம்பின் செய்தி முற்றும் வேறு. நாணை இழுத்துக் கட்டலாம். நரம்பை இழுத்தல் ஆகாது. நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரினும் மெல்லிய நூலால் அதன் மேலுறையை மட்டும் தைப்பர். தைத்த உடனே உணர்ச்சி மீள்வதில்லை. அறுபட்ட இடத்துக்கு அப்பால் உள்ள இழைகள் அழிந்து, வெற்றுக்குழாய் மட்டும் எஞ்சும். மேலிருந்து புதிய இழை துளிர்த்து அவ்வழியே வளர்ந்து செல்லும். அவ்வளர்ச்சி ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டில் அறுந்த நரம்பு, 18 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள விரல்நுனியை அடைய ஆறு திங்களுக்குக் குறையாது. இழையின் முனை எவ்விடம் வந்தது என அறிய, நரம்பின் வழியே விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பர். முனை உள்ள இடத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றும். 1915இல் பிரான்சில் தினெலும் செர்மனியில் ஆஃப்மனும் தனித்தனியே இதனைக் கண்டு எழுதினர். இரு நாடுகளும் போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது.

நாணும் நரம்பும் வேறு என்பதனைத் தமிழ் மண்ணிலேயே தெளிவுற மெய்ப்பித்தவர் பால் பிராண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த இவ்வாங்கில மருத்துவர் 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் முன்கை நரம்பு கெட்டு, விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து கிடந்த கைகளை ஆராய்ந்தார். கெட்டது நரம்பும் அது ஏவிய தசைகளுமே. வேறு நரம்பால் ஏவப்படும் தசைகளும் அவற்றின் நாண்களும் நலமாகவே இருந்தன. அந்நலமான நாணொன்றை இடம் மாற்றிப் பொருத்தி, செயலற்ற தசையின் வேலையை அதனைக்கொண்டு செய்வித்தார். இரண்டையும் ஒரு பெயரால் ‘நரம்பு கெட்டது’ என்று கூறி நின்றால் இவ்வறுவையைக் கருதியும் பார்த்தல் இயலாது. தொழுநோயாளரின் விரல் நோயினால் தானே உதிர்வதில்லை, வலியை உணராமையால் சுட்டும் நசுங்கியும் அழிகின்றது என்பதும் அவர் ஆய்வால் விளங்கிற்று. வெட்டினால் நரம்பு அறுந்து மரத்த விரலுக்கும் இது பொருந்தும். சூடான ஏனத்தைப் பிடித்துவிட்டு, கொப்புளம் எழுந்த பின்னரே கண்டறிவார் பலர். ஆதலின் உணர்ச்சி மீளும் வரை கண்ணே அவ்விரலுக்குக் காவல்.

முறிவு

எலும்பின்கண் நம் மொழி வறுமையுற்றதன்று. முறிதல், ஒடிதல், நொறுங்குதல், பிளத்தல், பிசகுதல், விலகுதல், சுளுக்குதல் எனச் சொற்கள் மிகப் பல. இங்கே இடர் வேறு வகையில் எழுகின்றது. விரல் வீங்கியும் ஓரளவு மடங்குமாயின் ‘சுளுக்குத்தான், முறிந்தால் அசைக்க முடியுமா?’ என்பர். விரலெலும்பு முறிந்தும் விரல் அசைதல் கூடும்; ஏனெனின் அசைப்பது நாண், அது அறுபடவில்லை. சுளுக்கு என்று கருதி உருவி விட்ட பின் முறிவு இடம் விலகி வருவாரை மருத்துவமனைகளில் காணலாம். எக்ஸ்கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தலே தெளிவு தரும்.

படத்திலும் எளிதில் தோன்றாத ஒரு குற்றம் உண்டு, அது முறுக்கம். முறிந்த துண்டு தன் அச்சில் சிறிது திரும்பி நின்றால், விரல்களை நீட்டும்போது ஒன்றும் தெரியாது. மடக்கினால் தெரியும். நலமான கையில் விரல்கள் மடங்கும்போது அவற்றின் நுனிகள் பெருவிரலின் அடியில் மணிக்கட்டை ஒட்டிய ஓரிடத்தை நோக்கிக் குவியும். முறுகிக் கூடிய விரலோ அண்டை விரலின்மேல் ஏறிக்கொள்ளும். அக்கை எதனையும் இறுகப் பற்ற இயலாது.

விலகாத முறிவுகட்கு அறுவை வேண்டுவதில்லை. முறிந்த விரலை நலமான அண்டை விரலோடு சேர்த்து ஒட்டுத்துணியால் கட்டிவிட்டால், அவ்விரலே இதற்குச் சிம்பும் ஆசானும் ஆகும். கட்டுப்போட வேண்டியவிடத்து, மணிக்கட்டைச் சற்றே பின்னோக்கி உயர்த்தி, விரலடி மூட்டை 70 பாகைக்கு மேல் மடக்கி, விரற்கணுக்களை நேரே நீட்டிக் கட்டுதல் முறை. இந்நிலையில் மூட்டின் நார்கள் நீண்டு கிடப்பதால் பின்னர் விரல் இறுகிப்போவதில்லை. மூன்று நான்கு வாரத்தில் விரலெலும்பு அசைவைத் தாங்கும் அளவுக்குக் கூடிவிடும். படத்தில் முறிவுக்கோடு அப்போதும் தெரியும். அதனைக் கண்டு அஞ்சி மேலும் கட்டி வைத்தால் எலும்பு கூடும், விரல் கூடாது. நுனிக்கணுவின் புறநாண் எலும்போடு பெயர்ந்து நுனி தொங்கும் முறிவு மட்டும் இதற்கு விலக்கு. அதற்கு நுனியை ஆறு முதல் எட்டு வாரம் ஒரு கணமும் மடங்கவிடாது நேரே தாங்குதல் வேண்டும். குளிக்கும்போது ஒருமுறை தொங்கினும் நாளெண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

மூங்கிற் பத்தை வைத்துக் கட்டும் நாட்டு முறையை முற்றும் இகழ்தல் நம் கருத்தன்று. முறிந்ததனை அசையாது தாங்குதல் என்னும் அடிப்படை அதிலும் உண்டு. ஆயின் இறுகக் கட்டி, வீக்கம் பெருகிய பின்னும் தளர்த்தாமையால் விரல் கறுத்து அழுகிய துயரங்கள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. கட்டிய பின் விரல்நுனி வெளுத்தாலும், மரத்தாலும், வலி மிகுந்தாலும் கட்டு யாருடையதாயினும் உடனே தளர்த்தப்படுதல் வேண்டும். மேற்கூறிய மூன்று வினைகளுள் இரண்டு இங்கும் வந்து உதவுதல் காண்க.

ஆறுதலும் தேறுதலும்

நலம்பெறுதலைக் குறிக்கும் வினைகளிலும் நம் மொழி வேறுபாடு காட்டுகின்றது. புண் ஆறும், எலும்பு கூடும், நோயாளர் தேறுவார். ஆறுதல் என்பது சூடு தணிதல்; வீக்கமும் வெம்மையும் அடங்கித் தோல் மூடுதலை அது குறிக்கும். கூடுதல், பிரிந்த இரண்டு ஒன்றாதல். இவ்விரண்டும் உடல் தானே செய்துகொள்வன. தேறுதலோ தெளிதலும் வலிமை பெறுதலும் ஆம். அது முயற்சியின்றி அமையாது. ஆறிய கையெல்லாம் தேறிய கை அன்று. அகராதி தொகுப்போர் இவ்வினைகளை எடுத்துக்காட்டுகளோடு தனித்தனியே பதிவு செய்தல் நலம். மருத்துவப் படிவங்களைத் தமிழில் ஆக்குவோரும் ‘நரம்பு அறுந்ததா?’ என்னும் ஒற்றை வினாவை நீக்கி, ‘மடங்குகின்றதா? மரத்துள்ளதா? வெளுத்துள்ளதா?’ என மூன்று வினாக்களை வைப்பாராயின், எழுத்தறிவு மட்டும் உடைய உதவியாளரும் பிழையின்றிக் குறித்தல் கூடும்.

மற்றுமொரு சொல்லும் ஈண்டுக் கருதத்தக்கது. சுணை என்பது இலையின்மேல் உள்ள நுண்ணிய முள்ளையும், உடலின் உறுத்துணர்வையும் குறிக்கும். சுணைகெட்டவன் என்னும் வழக்கில் மானவுணர்வுக்கும் அது பெயராயிற்று. தைத்த நரம்பு வளர்ந்து விரல்நுனியை அடையும்போது முதலில் மீள்வது மென்மையான தொடுவுணர்ச்சியன்று. சுணையுள்ள இலையைத் தொட்டாற்போன்ற உறுத்தலே. அதனைக் கேடு என்று கருதி அஞ்சுவார்க்கு இச்சொல்லால் விளக்கம் கூறலாம். அதன்பின் பயிற்சி தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு நெல்லையும் உளுந்தையும், புளியங்கொட்டையையும் காசையும் விரலால் தடவி இன்னது எனக் கூறச் செய்வர். பிழைத்தால் கண் திறந்து பார்த்து மீண்டும் தடவச் செய்வர். புதிய இழைகள் பழைய இடத்திற்கே சென்று சேர்வதில்லையாதலின், மூளை அவ்விரலை மீண்டும் கற்றல் வேண்டும். சிறுவர் விரைவிற் கற்பர். முதியோர்க்கு ஓராண்டு கடந்தும் குளிர்நாளில் அவ்விரல் வலிக்கும். நெல்லுக்கும் உளுந்துக்கும் வேறுபாடு தெரிந்த பின்னும், சட்டைப் பித்தானை அவ்விரலால் இடக் கண்ணின் துணை வேண்டியிருக்கும்.